மதிலைத் திறந்தவர்

திருப்புலிவனத்தில் வயல்கள் மனைகளான இடத்தில் வீடு கட்டிக் குடிவந்தோம். எங்கள் நகருக்கும் அடுத்த நகருக்கும் நடுவே ஒரு மதில். பின்வீட்டுக்குப் போகவே மெயின் ரோட்டைச் சுற்ற வேண்டும்.

தண்ணீர் கேன் போடும் பெண் சேலைமேல் ஆண் சட்டை அணிந்திருப்பார். எங்கே நின்றாலும் சாக்பீஸால் தரையில் தெருக்களை வரைந்து, மதிலை எங்கே திறக்கலாம் என்று காட்டுவார். இரு நகர்க்காரர்களையும் சம்மதிக்க வைத்தவர் அவர்தான்.

மதிலை இடிக்க பொக்லைன் வந்த காலையில், "உங்களுக்கு இதுல இன்னாம்மா லாபம்?" என்று கேட்டேன்.

"உங்க வூட்டு அக்காவும் பின்வூட்டு அக்காவும் செவுத்தாண்ட நின்னு தெனம் கத்திப் பேசிக்கினு கீறாங்க சார். மூஞ்சிய பாக்க வேணாமா?"

மதில் சரிந்தது. புழுதி அடங்குமுன்பே என் மனைவி ஓடிப்போய்ப் பின்வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டாள். எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டியவர், இரண்டு நகரிலும் வீடில்லாத அந்தப் பெண்தான்.