அப்பா பெயருக்கு எழுந்த கணவர்

கொல்கத்தாவின் டாகுரியா பகுதியில் ஒரு கண் மருத்துவமனை. என் கணவர் கணேசனுக்கு இடது கண்ணில் புரை அறுவை சிகிச்சை. "சுப்ரமணியம் பாபு!" என்று, வங்காளிகள் மரியாதைக்குச் சேர்க்கும் 'பாபு'வோடு நர்ஸ் கூப்பிட்டதும் எழுந்து போனார். இந்த ஊரில் எல்லா அட்டையிலும் அவருடைய அப்பா பெயரையே குடும்பப் பெயராக எழுதிவிடுவதால், அந்தப் பெயருக்கு எழுந்து அவருக்குப் பழக்கம்.

நர்ஸ் என் கணவரின் வலது புருவத்தின் மேல் பேனாவால் குறியிட்டார். அவருக்கு நன்றாகத் தெரிகிற கண் அது! டாக்டர் சொன்னதையெல்லாம் நான் குறித்து வைத்திருந்த டைரியைப் பிரித்துக்கொண்டு ஓடினேன். "தீதி, அக்கா, இவருக்கு இடது கண்!"

நர்ஸ் கையிலிருந்த ஃபைல், பக்கத்தில் உட்கார்ந்திருந்த இன்னொரு தமிழருடையது. அவர் பெயரே சுப்ரமணியம்; வலது கண் சிகிச்சைக்கு வந்தவர்.

"நீங்க வாயைத் திறக்கக் கூடாதா?" என்று கணவரைக் கேட்டேன்.

"அவங்களுக்குத் தெரியாததான்னு இருந்துட்டேன்."

இடது கண்ணிலேயே சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இப்போதெல்லாம் சொந்தப் பெயரையும் எந்தப் பக்கம் என்பதையும் அவர் வாயாலேயே நர்ஸிடம் சொல்ல வைத்த பிறகுதான் உள்ளே அனுப்புகிறேன்.