ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் என் பெயர்

எண்பதுகளின் நடுவில், மலேசியாவில் ஈப்போ நகரத்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் கிளை நூலகத்தில் வேலை பார்த்தேன். வருகிற புத்தகத்துக்கெல்லாம் பட்டியல் அட்டை தட்டச்சு செய்து இழுப்பறையில் கோப்பது என் பொறுப்பு. அட்டை இல்லாத புத்தகம் இருந்தும் இல்லாததுதான். யாராலும் தேடி எடுக்க முடியாது. அந்த அதிகாரம் என் கையில் இருந்ததில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

எங்கள் தலைமை நூலகர் ஒரு மலாய்க்காரர். பேராசிரியருக்கு ஒரு நீதி, பள்ளிக்கூட வாத்தியாருக்கு ஒரு நீதி என்பதெல்லாம் அவரிடம் கிடையாது. யார் வந்து கேட்டாலும் எடுத்துக் கொடுக்க வேண்டும். வெளியூரிலிருந்து எழுதிக் கேட்டால் நகலெடுத்து அனுப்ப வேண்டும். பூட்டி வைக்கிற புத்தகம் அடுப்புக்குத்தான் லாயக்கு என்பார். ரப்பர் மரங்களை வெட்டி எண்ணெய்க்குச் செம்பனை நட்டுக்கொண்டிருந்த காலம் அது. தோட்டத்துப் பழைய ஏடுகள் கரையானுக்குப் போகுமுன் அள்ளி வரச் சொல்லி எங்களை வேனில் அனுப்புவார்.

அப்படித்தான் கோலா கங்சார் பக்கம், நான் பிறந்த தோட்டத்துக்கே போனேன். பதினோரு வயதில் ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங்குக்குக் குடிவந்த பிறகு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளில் ஆளில்லை. கதவுகளை யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். பட்டப்பகல், ஆனால் ஒரு காக்கை கூடக் கத்தவில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் குழந்தைகளை எடை போடும் தராசு கொக்கியில் தொங்கியது. தட்டு காலி. ஆனால் முள் பூஜ்யத்தில் இல்லை. ஒரு கைக்குழந்தையின் எடையில் நின்றது. துருப்பிடித்திருக்கும், வேறென்ன என்று சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டே ஏடுகளை அள்ளிக்கொண்டு ஓடிவந்தேன் என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

மறுநாள் அட்டைக்கு விவரம் எடுக்க ஒரு பதிவேட்டைப் புரட்டினேன். தோட்டத்துக் குழந்தைகளின் பிறப்பும் இறப்பும் அதில் இருந்தன. மருந்து கொடுக்கிற டிரஸ்ஸர் கைப்பட எழுதியது. இறப்புப் பக்கத்தில் என் பெயர் இருந்தது. பக்கத்தில் அப்பாவின் பெயர், எங்கள் லயத்தின் எண். வயது ஒன்று. காய்ச்சல்.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. செத்தவள் மாதாமாதம் சம்பளம் வாங்குகிறாள்! பிறகு அடையாள அட்டையை எடுத்துப் பிறப்புப் பக்கத்தோடு ஒப்பிட்டேன். அந்தக் குழந்தை பிறந்த தேதிதான் என் அட்டையில் இருந்தது. பக்கங்களை மேலும் புரட்டினேன். இரண்டு வருடம் கழித்து அதே அப்பாவுக்கு இன்னொரு பெண் குழந்தை. பெயர் போட வேண்டிய கட்டம் காலியாக இருந்தது. அந்தக் காலிக் கட்டம்தான் நான்.

சாயங்காலம் அம்மாவிடம் கேட்டேன்.

"அது கம்யூனிஸ்டு காலம்லா, காட்டுல சண்டை. ரோட்டுல கர்ஃபியூ. டவுனுக்குப் போயி யாரு சாவைப் பதியறது? டிரஸ்ஸர் புக்குல எழுதுனதோட சரி. நீ பொறந்தப்பவும் பதியல. ஸ்கூல்ல சூராட் பெரானாக், பொறந்த பத்திரம் கேட்டாங்க. வீட்டுல அவளோடதுதான் இருந்துச்சு. போனவதான் திரும்பி வந்திருக்கான்னு லயமே சொல்லிச்சு. அந்தப் பேரையே ஒனக்கும் வச்சுட்டோம்."

சின்ன வயதிலிருந்தே அம்மா என்னை இரண்டு தரம் கூப்பிடுவாள். முதல் குரலுக்கே ஓடிப்போய் நின்றால் முகம் சுருங்கிவிடும். முதல் குரல் போனவளுக்கு, இரண்டாவதுதான் எனக்கு என்று அன்றுதான் புரிந்தது. பெற்ற தாயைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

செத்தவளின் பிறப்புப் பத்திரத்தில் எடுத்த அடையாள அட்டை; அதை வைத்துக் குடியுரிமை, அதை வைத்து வேலை. ஆகாதவன் எவனாவது அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு ஒரு மொட்டைக் கடிதம் போட்டால் போதும், எல்லாம் போய்விடும். தோட்டத்துக் குழந்தைகள் ஏன் அத்தனை பேர் செத்தார்கள் என்று ஆராய்கிற மாணவி ஒருத்தி, நாங்கள் அள்ளி வந்த ஆஸ்பத்திரி ஏடுகளைப் பார்க்க வியாழக்கிழமை வருவதாக எழுதியிருந்தாள். நான் அட்டை அடிக்கவில்லை. ஏட்டைப் பழுதுபார்க்க வேண்டியவற்றின் அலமாரியில் அடியில் செருகினேன். அங்கே போனது வருடக்கணக்கில் வெளியே வராது.

அதன்பின் அந்த அலமாரிக்கு முதுகைக் காட்டி உட்கார முடியவில்லை. யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது போலிருக்கும். திரும்பினால் யாரும் இருக்க மாட்டார்கள். ஒரே ஒரு தரம்தான் கூப்பிடும். இரண்டாவது குரலுக்காகக் காத்திருப்பேன், வராது.

புதன்கிழமை அம்மாவிடம், "மறைச்சு வச்சுட்டேன், பயப்படாதே" என்றேன். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"பொதச்ச எடத்துல இப்ப செம்பனை. ஒரு போட்டோ இல்ல. பேரையும் நீ எடுத்துக்கிட்ட. இருக்கிறது அந்த ஒரு வரிதான். அதையும் மூடிட்டா அவ எங்கடி இருப்பா?"

"உயிரோட இருக்கிறவளைப் பத்திக் கவலையில்லையா ஒனக்கு?" என்று கத்தினேன்.

"ஒனக்கு நான் இருக்கேன்லா" என்றாள்.

ராத்திரி முழுக்க அவள்மேல் ஆத்திரமாக இருந்தது. விடியும்போது அவள் கேட்ட கேள்வி மட்டும்தான் மிஞ்சியிருந்தது.

காலையில் முதல் வேலையாக ஏட்டை அலமாரியிலிருந்து வெளியே எடுத்து, அதற்கு அட்டையை அடித்து இழுப்பறையில் கோத்தேன். பத்து மணிக்கு அந்த மாணவி வந்தாள். ஏட்டைக் கொடுத்தேன். ஒவ்வொரு குழந்தையின் பெயராக நோட்டில் எழுதிக்கொண்டே போனாள். என் கண் தட்டச்சில் நிற்கவில்லை. ஒரு பக்கத்தில் அவள் பேனா நின்றது. ஏட்டைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். என் சட்டையில் குத்தியிருந்த பெயர் வில்லையைப் படித்தாள். அதில் என் பெயரும் அப்பாவின் பெயரும் இருந்தன.

"தப்பா எடுத்துக்காதீங்க," என்று குரலைத் தாழ்த்தினாள். "ஒங்க பேரு, ஒங்க அப்பா பேரு மாதிரியே இருக்கு. வேணும்னா இந்த ஒரு வரியை நான் விட்டுடுறேன்."

என் வாழ்க்கை முழுவதையும் அவள் கையில் எடுத்து என்னிடமே நீட்டினாள். ஆமாம் என்று ஒரு தலையசைப்பு போதும்.

"விடாதீங்க," என்றேன். "அது எங்க அக்கா."

பெயரை அவள் எழுதி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன், ஓர் எழுத்து கூட விட்டுப்போகக் கூடாது என்று.