இந்துத் தண்ணீர் ஜம்புலிங்கம்

ஆவடி ரயிலடியில் அந்தக் காலத்தில் தண்ணீருக்கும் மதம் இருந்தது. சிரிக்க வேண்டாம், நிஜம்தான். பிளாட்பாரத்தின் ஒரு கோடியில் இந்துத் தண்ணீர்ப் பானை, மறு கோடியில் முஸ்லிம் தண்ணீர்ப் பானை. இரண்டுக்கும் கிணறு ஒன்றே ஒன்றுதான். பொழுது விடியும் முன்பே ஜம்புலிங்கமும் ஹபிபுல்லாவும் ஆளுக்கொரு வாளியோடு போவார்கள். ஒரே ராட்டினத்தில் ஒருவர் இறைக்க மற்றவர் பிடித்து ஊற்ற, இரண்டு பானையும் நிரம்பிவிடும். பானைக்குள் இறங்கிய பிறகுதான் அந்தத் தண்ணீர் இந்துவாகும், முஸ்லிமாகும். அதுவரைக்கும் வெறும் தண்ணீர்.

இந்துத் தண்ணீர் ஊற்றுகிறவன் நல்ல சாதிக்காரனாக இருக்க வேண்டும். அப்போதுதான் எல்லாரும் வாங்கிக் குடிப்பார்கள். ஜம்புலிங்கத்துக்கு அந்த வேலை கிடைத்த கதை ஒரு நிமிஷக் கதை. பத்தொன்பது வயதில், கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்க ஆள் எடுக்கிறார்களாம் என்று கேள்விப்பட்டு வந்து நின்றான். ஸ்டேஷன் மாஸ்டர் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார். எலுமிச்சம்பழ நிறம், கூர்மையான மூக்கு. "மூட்டை தூக்குற ஆளா நீ? முதலியாரா?" என்றார்.

ஜம்புலிங்கம் வாயைத் திறந்தான். நசரத்பேட்டைக்கு மேற்கே இருக்கும் சேரியின் பெயர் நாக்கு வரைக்கும் வந்தது. "ஆமாங்க" என்றான்.

அவ்வளவுதான். மறுநாள் கையில் பித்தளை வில்லை கட்டி, காக்கிக் கோட்டு மாட்டி, செம்பைக் கொடுத்துவிட்டார்கள்.

அந்த நிறத்தால் அவன் பட்ட பாடு கொஞ்சமா? பூந்தமல்லியில் அந்த நாளில் வெள்ளைக்காரப் பட்டாளம் தங்கியிருந்தது. கறுப்பான அப்பனுக்கும் கறுப்பான அம்மாவுக்கும் சிவப்பாக ஒரு பிள்ளை பிறந்ததும் சேரியில் வாயில்லாதவனுக்கும் வாய் முளைத்துவிட்டது. அப்பன் சாகும்வரை அவனை மடியில் தூக்கி வைத்ததில்லை. அம்மா குளத்துக்குத் தனியாகப் போய்த் தனியாக வந்தாள். அவளுடைய பாட்டி இதே நிறம்தான், ஆனால் அந்தப் பாட்டியைப் பார்த்தவர்கள் ஒருத்தரும் மிச்சமில்லை. அவனை இடுப்பில் வைத்து வளர்த்தது அக்கா முத்தம்மாள். அவள் நல்ல கறுப்பு. தம்பியைத் தூக்கிக்கொண்டு நடந்தால், யார் வீட்டுப் பிள்ளையைத் திருடிக்கொண்டு போகிறாய் என்று கேலி பண்ணுவார்கள். ஊருக்குள்ளே மானத்தை வாங்கிய நிறம் ஊரைத் தாண்டியதும் சோறு போட்டது. இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல!

ஒன்பது வருஷம் அந்த ஒற்றை வார்த்தையின் மேலேயே அவன் குடியிருந்தான். சொந்த ஊர் காஞ்சிபுரம் பக்கம் என்று சொல்லி வைத்திருந்தான். கல்யாணம் என்று யாராவது பேச்செடுத்தால் ஜாதகம் சரியில்லை என்பான். தினமும் பட்டணத்துக்குப் போய்வரும் வக்கீல் குமாஸ்தா சம்பத் முதலியார் "நம்மாளு, நம்மாளு" என்று தோளில் கை போட்டு, எந்த வகையறா என்று விசாரிக்கும்போதெல்லாம் ஜம்புலிங்கம் வாளியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விடுவான். மாதத்துக்கு ஒருமுறை ஏரிக்கரை வழியாகப் பொழுது சாய்ந்து வீட்டுக்குப் போய், அம்மா கையால் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவான். அக்காவிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான், ரயிலடிப் பக்கம் தலைகாட்டக் கூடாதென்று. தெரிந்தால் வேலை மட்டுமா போகும்? அவன் கையால் ஒன்பது வருஷம் தண்ணீர் குடித்தவர்கள் அவனை உயிரோடு விடுவார்களா?

இரண்டாம் உலக யுத்தத்தின் கடைசி வருஷம். சித்திரை வெயில் மண்டையைப் பிளந்த ஒரு நடுப்பகலில் பட்டாள ரயில் ஒன்று வந்து நின்றது. முன்பெட்டிகளில் வெள்ளைக்காரர்கள், பின்பெட்டிகளில் ஆப்பிரிக்கச் சிப்பாய்கள். வெள்ளைக்காரர்கள் இறங்கி ஐஸ் போட்ட சோடா குடித்தார்கள். பின்பெட்டிக்காரர்கள் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பட்டணத்து ரயிலுக்காகக் காத்திருந்த நம் ஜனங்கள் அவர்களைக் காட்டிக் காட்டிச் சிரித்தார்கள். அன்றைக்குத் தாமதமாகக் கிளம்பியிருந்த சம்பத் முதலியார், "அப்பாடி, இன்னா கறுப்பு" என்று துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் ஒன்றும் வெளுப்பில்லை. அடுப்புக்கரிக்கு அண்ணன் முறை ஆவார்.

ஒரு சிப்பாய் மட்டும் தாகம் பொறுக்காமல், எனாமல் குவளையோடு இறங்கி ஜம்புலிங்கத்தின் பானைக்கு வந்தான். ஜம்புலிங்கத்துக்குக் கை ஓடவில்லை. இது எந்தப் பானைக்கு உரிய ஆள்? வழக்கமாகக் கேட்கிறபடி, "இந்து? முசல்மான்?" என்றான். சிப்பாய்க்கு இரண்டாவது வார்த்தை புரிந்தது. நெஞ்சில் கை வைத்து, "அல்ஹம்துலில்லாஹ்" என்றான். மறுகோடியிலிருந்த ஹபிபுல்லாவின் காதில் அது விழுந்ததுதான் தாமதம், செம்பும் வாளியுமாக ஓடிவந்தார். சலாம் சொன்னார், கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கடல் தாண்டி வந்த சொந்தக்காரனுக்கு ஊற்றுவதுபோலக் குவளை வழிய ஊற்றினார்.

சிப்பாய் குவளையை இன்னும் வாய்க்குக் கொண்டுபோகவில்லை. அதற்குள் ஒரு வெள்ளைக்காரச் சார்ஜெண்ட் வந்து பிரம்பால் குவளையைத் தட்டிவிட்டான். யாரைக் கேட்டு இறங்கினாய் என்பதுபோல ஏதோ கத்தினான். விரலைச் சொடுக்கிப் பெட்டியைக் காட்டினான். தண்ணீர் தரையில் ஓடிக் காய்ந்தது. அந்த ஆஜானுபாகுவான சிப்பாய் குவளையைப் பொறுக்கிக்கொண்டு ஏறிப்போனான். ரயில் புறப்பட்டுவிட்டது.

ஹபிபுல்லா செம்பைத் தரையில் வைத்தார். "நாமளாவது ஒரு வார்த்த கேக்கறோம், நீ யாரு, இன்னா மதம்னு. அவன் இன்னா கேட்டான் சொல்லு ஜம்பு? தோலப் பாத்தான், அட்ச்சான்" என்றார்.

சம்பத் முதலியாருக்கு இப்போது கோபம் பொங்கிவிட்டது. சற்றுமுன் துண்டால் வாயைப் பொத்தியவர்தான். ஆனாலும் கோபம் பொய்யில்லை. சார்ஜெண்டுக்கு அந்தச் சிப்பாயும் கறுப்பன்தான், தானும் கறுப்பன்தான் என்பது அவருக்கு உறைத்துவிட்டது. மனுஷனைத் தோலை வைத்து நடத்துகிற சாதியும் ஒரு சாதியா, இவர்களெல்லாம் ஆளுவதற்கு லாயக்கா என்று பிளாட்பாரம் அதிரப் பேசினார். நாலு பேர் கூடிவிட்டார்கள். ஜம்புலிங்கமும் தலையாட்டினான். அவனுக்கும் வயிறு எரிந்தது.

அப்போதுதான் முத்தம்மாள் வந்தாள்.

பிளாட்பாரம் ஏறாமல், கீழே, பத்தடி தள்ளி நின்றாள். அவள் யாரென்று ஒருத்தரும் கேட்கவில்லை. அவள் நின்ற தூரமே சொல்லிவிட்டது. தலைமயிர் கலைந்து கிடந்தது. எட்டு மைல் வெறுங்காலோடு நடந்து வந்த புழுதி முழங்கால் வரை ஏறியிருந்தது. தம்பியை ஒருமுறை பார்த்தாள், சுற்றி நின்ற ஜனங்களைப் பார்த்தாள். பிறகு குனிந்து, இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினாள்.

"கொஞ்சம் தண்ணி ஊத்துங்க சாமி."

இந்தக் கை ஜம்புலிங்கத்துக்குச் சோறு ஊட்டிய கை. செம்பை எடுத்துக்கொண்டு இறங்கினான். கால் தானாகப் போயிற்று.

"ஒசத்தி ஊத்து ஜம்பு, செம்புல தெறிச்சுறப் போவுது" என்றார் சம்பத் முதலியார். அதட்டலில்லை, கரிசனமாகத்தான் சொன்னார். பிறகு அவளிடம், இந்த வெயிலில் எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டார்.

"நசரத்பேட்டை பக்கம் சாமி. எங்கம்மா பூட்டாங்க. வெடிகாலம் உசுரு போச்சு."

ஜம்புலிங்கம் செம்பை இன்னும் உயரத் தூக்கினான்.

"அடப்பாவமே. ஆம்பளப் புள்ள இல்லியா?"

"ஒருத்தன் கீறான் சாமி. தூரத்துல கீறான்."

"வருவானா?"

"தெரியல சாமி. அந்திக்குள்ள எட்த்துடுவாங்க." அவள் தலை நிமிரவில்லை. தண்ணீரைக் குடித்தாள், மிச்சத்தை முகத்தில் வாரி அடித்துக்கொண்டாள். "நல்லா இருங்க சாமி" என்று சொல்லிவிட்டு, வந்த வழியே திரும்பி நடந்தாள்.

சம்பத் முதலியார் உச்சுக்கொட்டினார். பட்டணத்து ரயில் வந்தது, எல்லாரும் ஏறிக்கொண்டு போனார்கள்.

ஜம்புலிங்கம் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அழுதால் யாராவது ஏனென்று கேட்பார்கள். லீவு கேட்டால் எந்த ஊர், யார் செத்தது என்று கேட்பார்கள். பொய் சொல்லலாம். ஒன்பது வருஷமாகச் சொல்லாத பொய்யா? ஆனால் அம்மாவை வேறு ஒருத்தியாக்கிச் சொல்ல நாக்கு எழவில்லை. அடுத்த ரயிலுக்குத் தண்ணீர் ஊற்றினான். அதற்கடுத்த ரயிலுக்கும் ஊற்றினான். பயம்தான். வேறென்ன சொல்லி என்ன பயன்? பெற்றவள் கிடக்க, இவன் ஊரார் தாகத்தைத் தீர்த்துக்கொண்டிருந்தான்.

மூன்றரை மணிக்கு ஹபிபுல்லா தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து அவன் முன்னால் நிறுத்தினார்.

"நெறம்தாண்டா வேற. காது, மொவாக்கட்ட எல்லாம் அந்தம்மாவுக்கும் ஒனக்கும் ஒண்ணா கீது" என்றார். ஜம்புலிங்கம் அவர் காலைப் பிடித்தான். அவர் உதறிக்கொண்டார். "நீ முதலியார் இல்லன்னு நா எப்பவோ கண்டுக்கினேன். போ. பானை மேல தட்ட கவுத்துட்டுப் போ. ஒரு நாளு ஜனங்க தாகமா கெடக்கட்டும்."

சைக்கிளில் பருத்திப்பட்டு ஊரைத் தாண்டுகிறவரை அவனுக்குக் கண்ணே தெரியவில்லை. அதற்கப்புறம் அந்தச் சிப்பாயின் முகம் வந்தது. வெள்ளைக்காரன் எதையும் கேட்க வேண்டியதில்லை, கண் ஒன்று போதும். அந்தச் சிப்பாய் எந்த ஊருக்குப் போய் என்ன பெயர் சொன்னாலும் தப்பிக்க முடியாது. நம் ஜனங்களுக்கு அப்படியில்லை. கண்ணால் பார்த்து ஏமாந்துபோவார்கள், அதனால்தான் வாயால் கேட்கிறார்கள். எந்த ஊர், எந்தத் தெரு, யார் பிள்ளை? சரியான பதிலைச் சொன்னால் கரிக்கட்டையும் சாமிதான், தப்பான பதிலைச் சொன்னால் எலுமிச்சம்பழமும் தீட்டுதான். சிப்பாய் அடி வாங்கினாலும் தன் கூட்டத்தோடு போய் உட்கார்ந்தான். இவனுக்கு அடி விழவில்லை. ஆனால் பெற்றவளுக்கு அழ வழியில்லை. எது மேல் என்று யோசித்தபடியே பெடலை மிதித்தான்.

ஏரிக்கரை சுடுகாட்டுக்கு அவன் போய்ச் சேர்ந்தபோது பொழுது மேற்கே இறங்கிவிட்டது. உடம்பைக் குழியில் இறக்கி, வந்தவர்களெல்லாம் மண் போட்டுவிட்டு ஏரிக்குக் குளிக்கப் போய்விட்டார்கள். பெண்கள் சுடுகாட்டுக்கு வருவதில்லை. ஆனால் முதல் பிடி மண் போட ஆண்பிள்ளை இல்லாததால் முத்தம்மாள் வந்திருந்தாள். இன்னும் நிற்கிறாள். அவளோடு குழியை மூட வந்திருந்த ஒருவன். அயலூர்க்காரன், ஜம்புலிங்கத்தை முன்னேபின்னே பார்த்ததில்லை.

அந்த ஆள் திரும்பிப் பார்த்தான். காக்கிக் கோட்டு, பித்தளை வில்லை, சிவந்த முகம். மண்வெட்டியைப் போட்டான். தோளில் கிடந்த துண்டை இழுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓரமாக ஒதுங்கினான்.

"இங்கெல்லாம் நீங்க வரக்கூடாது சாமி."

"எங்கம்மா" என்றான் ஜம்புலிங்கம்.

அந்த ஆளுக்குப் புரியவில்லை. பயந்தவன்போலச் சிரித்தான். "வெளாடாதீங்க சாமி" என்றான். ஜம்புலிங்கம் மறுபடி சொன்னான், இந்தமுறை சேரியின் பெயரையும் அப்பன் பெயரையும் சேர்த்துச் சொன்னான். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவன் வாயிலிருந்து நிஜம் வந்தது. அதை நம்ப அங்கே ஆளில்லை. அந்த மனிதன் திகைத்துப்போய் முத்தம்மாளைப் பார்த்தான்.

"இன்னாக்கா, இந்தச் சாமி இன்னாமோ சொல்றாரே?"

முத்தம்மாள் தம்பியைப் பார்த்தாள். அவள் கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை.

"ரெயிலடில தண்ணி ஊத்துனவரு" என்றாள். "தாகத்துக்குக் குட்த்த மவராசன். ஒரு புடி மண்ணு போட்டுட்டுப் போவட்டும்."

அவள் அதைக் கோபத்தில் சொன்னாளா, அவன் வேலைக்கு ஆபத்து வரக்கூடாதென்று சொன்னாளா? ஜம்புலிங்கம் மண்டியிட்டு மண்ணை அள்ளினான். குழி மூடுகிற ஆள் மரியாதையாக இன்னும் நாலடி தள்ளி நின்றுகொண்டான்.