பத்து சைட்டில் ஒரே முகம்

"அடுத்த வாரத்துலேர்ந்து மாமிக்கு டயாலிசிஸ நிறுத்திடலாம்னு இருக்கேன்டா" என்றார் சேஷாத்ரி மாமா.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய ஆரம்ப வருடங்கள். வங்காளத்தில், டாக்குரியா ஸ்டேஷன் அருகே சைபர் கஃபே நடத்திக்கொண்டிருந்தேன். மாமா லேக் கார்டன்ஸில் இருந்தார், ரிடையர்டு கணக்கு அதிகாரி. மாமிக்குக் கிட்னி இரண்டும் போய்விட்டன. மூலிகைப் பொடி சாப்பிட்டால் டயாலிசிஸே வேண்டாம் என்று ஏதோ சைட்டில் படித்திருக்கிறார்.

எங்கள் கஃபேயில் எதையும் சரிபார்க்க ஒரு வழக்கம் உண்டு. படித்தது உண்மையா என்று சந்தேகம் வந்தால், "தாதா, எட்டா ஷொத்தி?", அதாவது "அண்ணா, இது நிஜமா?" என்று வங்காளியில் ஒரு குரல் கொடுக்க வேண்டியதுதான். அத்தனை பேரும் வேலையைப் போட்டுவிட்டு அந்த ஸ்க்ரீன் முன்னால் கூடிவிடுவார்கள். ஆளுக்கொரு தீர்ப்பு, டீ, சண்டை. பாதிப் பொய்கள் அங்கேயே செத்துவிடும்.

மாமா மட்டும் குரல் கொடுக்க மாட்டார். மாமியின் வியாதி அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியக் கூடாதாம். மூலை சீட்டில் உட்கார்ந்து என்னிடம் தமிழில் கிசுகிசுப்பார். கடையில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர்தான். ஊரே இருந்தும் பேச ஆளில்லாத எனக்கு, அவர் வரும் நேரம்தான் ஆறுதல்.

"பத்து சைட் பாத்துட்டேன். பத்துலயும் போட்டிருக்கான். பொய்யா இருக்குமா?"

"பத்து பேர் சொல்றானா, ஒருத்தன் சொன்னதையே பத்து பேர் காப்பி அடிக்கிறானா, அதப் பாக்கணும் மாமா."

"உண்மை ஒண்ணுதானேடா? எல்லாரும் ஒரே மாதிரிதான் சொல்லுவா."

இந்த மனுஷரோடு வாயாடி ஜெயிக்க முடியுமா? அந்தப் பக்கத்திலிருந்து ஒரு முழு வாக்கியத்தை எடுத்து, மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடினேன். எல்லா சைட்டும் வரிசையாக வந்தன, ஓர் எழுத்துகூட மாறவில்லை. மாமா மசியவில்லை. அடுத்து, பொடி சாப்பிட்டுக் குணமானவர்களின் போட்டோவைத் திறந்தேன். எங்கள் மோடம் வேகத்துக்கு முதலில் நெற்றி வரும், அப்புறம் கண் வரும், மீசை வருவதற்குள் உயிர் போய்விடும். இரண்டு சைட்டை அருகருகே வைத்தேன். ஒன்றில் குணமானவர் டெல்லி வியாபாரி, இன்னொன்றில் ஹைதராபாத் வாத்தியார். ஆளும் சட்டையும் ஒன்றுதான், பெயர்தான் வேறு.

மாமா அந்த இரண்டு பெயரையும் விரல் வைத்துப் படித்தார்.

"அவகிட்ட என்னடா சொல்லுவேன்? பொடி வரப்போறது, இனிமே ஊசியே கிடையாதுன்னு சொல்லி வெச்சிருக்கேனே."

வேறு கஸ்டமர் கூப்பிட, எழுந்து போனேன். திரும்பி வந்தபோது சீட் காலி.

டயாலிசிஸ் நிற்கவில்லை. மாமா வருவதுதான் நின்றுவிட்டது. பூஜா பண்டிகை சமயத்தில் மனசு கேட்காமல் வீட்டுக்கே போனேன். டயாலிசிஸ் ஊசி போட்ட கையில் கட்டோடு மாமி கதவைத் திறந்தார்.

"பொடி பொய்னு கண்டுபிடிச்சது நீதானே?"

"ஆமா மாமி."

"நன்னா பண்ணினே. இல்லேன்னா இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்பேன்." குரலைத் தாழ்த்தினார். "ஆனா பொடியப் பத்திப் படிச்ச நாள்லெல்லாம் ஓடி வந்து எங்கிட்ட சொல்லுவார்ப்பா. இப்போ பேப்பர விரிச்சு வெச்சுண்டு உக்காந்துடறார். ஒரு வார்த்தை பேசறதில்லே."

இப்போது இளையவர்கள் எப்படிச் சரிபார்ப்பது என்று கேட்கிறார்கள். முதலில் யார் சொன்னது என்று தேடுங்கள், போட்டோவை நம்பாதீர்கள். இதெல்லாம் ஒரே நாளில் கற்றுக்கொள்ளலாம். ஆனால் ஒருவரிடம் "இது பொய்" என்று சொல்லிவிட்டால், அதற்குப் பிறகுதான் அவர் பக்கத்தில் உட்கார வேண்டும். எழுந்து போய்விடாதீர்கள்.