நாலு கறுப்பு ஸ்க்ரூ

மூன்று வருடத்துக்கு முன்னால், ஆடித்தபசு முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது. சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதில்தான் நான் வாங்கிய மரம் கடையும் லேத் இருந்தது. வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

என் தொழில் வீடுகளுக்கு ஜிப்சம் சீலிங் போடுவது. நானும் என் கூட்டாளியும் பதினான்கு வருடமாகச் சேர்ந்தே வேலை பார்த்தோம். நாள் முழுக்கக் கையைத் தலைக்கு மேலே தூக்கியபடியே செய்கிற வேலை அது. லேத் வெறும் ஆசைக்கு. யூடியூப் பார்த்துப் பம்பரம், பூரிக்கட்டை எல்லாம் கடைந்ததில் கொஞ்சம் தலைக்கனமும் ஏறியிருந்தது. பக்கத்துத் தெருவில் வெட்டிப் போட்ட வேப்பமரத்திலிருந்து ஒரு முழ அகலத் துண்டைத் தூக்கி வந்து, பெரிய கிண்ணம் கடையப் போகிறேன், வந்து வீடியோ எடு என்று அவனைக் கூப்பிட்டேன்.

அவ்வளவு பெரிய துண்டை இரும்புத் தட்டில் ஸ்க்ரூ போட்டு முடுக்கி, எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு முட்டுக் கொடுத்துத்தான் சுற்ற வேண்டும். முட்டு வீடியோவில் மறைக்கிறது என்று அதைக் கழற்றி வைத்துவிட்டேன். ஸ்க்ரூவுக்கு அலைவானேன் என்று வேலைப் பையில் கிடந்த சீலிங் ஸ்க்ரூவில் நான்கை எடுத்து முடுக்கினேன். கறுப்பாக, ஒல்லியாக இருக்குமே, அதுதான். கட்டையோ பச்சை ஈரம், ஒரு பக்கம் கனம் வேறு.

மெதுவாக ஓடும்போதே லேத் உதறியது. அவன் போனை இறக்கினான்.

"ஏலே, கட்ட ஆடுதுல்லா. அந்தப் பக்கம் முட்டக் குடுத்துட்டு ஓட்டு."

"ஊருல பாதி வீட்டு சீலிங்க இந்த ஸ்க்ரூதாம்ல தாங்குது" என்று சொல்லிவிட்டு வேகத்தைக் கூட்டினேன்.

உளியை வைத்ததுதான் தெரியும். பட்டென்று ஒரு சத்தம். தட்டில் கட்டை இல்லை. நேர் எதிரே நின்றவன் வலது தோளைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான். படம் நன்றாக விழும் என்று அந்த இடத்தில் அவனை நிற்கச் சொன்னதும் நான்தான்.

ஸ்க்ரூ நான்கும் பாதியில் ஒடிந்து, தலைப்பக்கம் மட்டும் தட்டில் நின்றது. ஆடாமல் கிடக்கிற சீலிங்குக்கு அது போதும், உதறுகிற கட்டைக்குத் தடித்த மர ஸ்க்ரூ வேண்டும் என்பதெல்லாம் அப்புறம் ஒரு மரப்பட்டறையில் கேட்டுத் தெரிந்துகொண்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்ன ஆச்சு என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், ஏணியிலிருந்து விழுந்துவிட்டதாக அவன் முந்திக்கொண்டு சொன்னான். அழுதபடி ஓடி வந்த அவன் மனைவியிடமும் அதையேதான் சொன்னான். பக்கத்தில் நின்ற நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

தோளில் பிளேட் வைத்தார்கள். ஆனாலும் கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. சீலிங் வேலை அவனுக்கு அத்தோடு முடிந்தது. இப்போது ஒரு விசைத்தறிக் கூடத்தில் வாட்ச்மேனாக இருக்கிறான். வயது முப்பத்தொன்பது.

வாரா வாரம் பழம் வாங்கிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போவேன். சொல்லிவிடலாம் என்று போவேன், சொல்லாமல் திரும்புவேன். ஐந்து மாதம் கழித்து ஒரு மத்தியானம், அவன் வீட்டில் இல்லாத நேரத்தில் அவன் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தவில்லை.

"தெரியும்ணே. அன்னைக்கு அவுக சட்டையத் தொவச்சது நாந்தான. தோளு பூரா வேப்பம்பட்டத் தூளு. ஏணியில இருந்து விழுந்தா அது எப்படி ஒட்டும்? நீங்க எப்ப வந்து சொல்லுவியன்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

காப்பி போட எழுந்து போனார். எனக்கு அங்கே உட்காரவும் முடியவில்லை, எழுந்து போகவும் முடியவில்லை.

கட்டையைச் சரியாகப் பிடிக்கத் தெரியாததை அறியாமை என்று சொல்லி மனசைத் தேற்றிக்கொள்ளலாம். எல்லாம் தெரிந்த ஒருவர் முன்னால் ஐந்து மாதம் பழப் பையோடு போய் நின்றேனே, அதற்கு என்ன பெயர் சொல்வது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.