குதிரை நீர் குடிக்காத தொட்டி

கீழே வருவனவற்றில் என் கண்ணால் கண்டதையும், கையால் அளந்ததையும், உரியவரிடம் நேரில் கேட்டறிந்ததையும் தவிர வேறெதையும் சேர்க்கவில்லை. சரிபாராமல் நான் அச்சேற்றிய ஒரு வாக்கியத்தால் ஒரு பெண்ணின் தேநீர்க்கடை அகற்றப்படும் நிலைக்கு வந்தது. அதே பிழையை அதே இடத்தைப் பற்றி இன்னொரு முறை செய்ய விரும்பவில்லை.

இலங்கை மலையகத்தின் அட்டன் நகரம் சரிவில் அமைந்தது. மேல் வீதியிலிருந்து கீழ் வீதிக்கு இறங்கக் கட்டடங்களுக்கு இடையே படிக்கட்டுகள் உண்டு. அவற்றுள் ஒன்றைப் பற்றியே சொல்லப்போகிறேன். எது என்பதைச் சொல்லவில்லை. கடைக்காரர் அப்படிக் கேட்டுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள் பைகளோடு பேருந்தைப் பிடிக்க அதில் இறங்குவார்கள். வழுக்கி விழாதிருப்பதே அவர்களது கவனம். ஆகையால், பக்கச் சுவரை ஒட்டிப் பாசி படர்ந்து கிடக்கும் நீண்ட தொட்டியை எவரும் நின்று பார்ப்பதில்லை.

பாடசாலையில் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்ற பின், நகரத்தில் கவனிக்கப்படாத இத்தகைய பொருள்களைத் தேடிப் பார்க்கும் பழக்கம் எனக்கு ஏற்பட்டது. மருந்துக்கடை ஒன்றின் பின்சுவரில் நான்கு படிகள் ஏறி எங்கும் சேராமல் நின்றுவிடுகின்றன. புடைவைக்கடை ஒன்றின் பெயர்ப்பலகைக்குப் பின்னால், முட்களில்லாத மணிக்கூட்டின் வட்டம் பாதி தெரிகிறது. இவற்றைப் பற்றிப் பாடசாலை ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை எழுதினேன். தொட்டியைப் பற்றி அதில் எழுதியது இதுதான்: வெள்ளைக்காரத் தோட்டத் துரைமாரின் குதிரைகள் நீர் அருந்திய கற்றொட்டி இது, குதிரைகளைக் கட்டிய இரும்பு வளையமும் சுவரில் இன்றுவரை உள்ளது.

இதை எனக்குச் சொன்னவர்கள் மூவர். மூவரும் ஒன்றையே சொன்னதால் உண்மை என்று கொண்டேன். பின்னர் விசாரித்தபோது, இருவர் மூன்றாமவரிடம் கேட்டிருந்தார்கள். மூன்றாமவர் தாமாக ஊகித்திருந்தார். எங்கள் பகுதியில் தோற்றம் தெரியாத எதையும் துரை கட்டியதாகச் சொல்லிவிடுவது வழக்கம். அவ்வழக்கத்துக்கு நானும் உட்பட்டேன்.

தொட்டிக்கு அருகிலேயே அந்தத் தேநீர்க்கடை இருக்கிறது. தகரக் கூரை, உட்கார ஒரு வாங்கு, ஓர் அடுப்பு. நடத்துபவர் ஐம்பதைக் கடந்த பெண். கணவர் இறந்தபின் கடையே அவருக்கு வாழ்வாதாரம். தேநீர்க் கோப்பைகளை அந்தத் தொட்டியில்தான் கழுவுவார். நான் அங்குப் பல ஆண்டுகளாகத் தேநீர் அருந்துபவன்.

மலர் வெளிவந்து சில மாதங்களின் பின் ஒரு காலை, கோப்பையை வைக்கும் முன்பே அவர் கேட்டார்:

“சார், குதிர தண்ணி குடிச்சத எழுதினது நீங்கதானாமே?”

“ஆமாங்க.”

“அந்தக் குதிர இப்ப வந்து என் கடைய முட்டுது. இத வாசிச்சுப் பாருங்க.”

நகர சபையிலிருந்து சிங்களத்தில் வந்திருந்த கடிதத்தை வாசித்தேன். தொட்டி பழைமையான சின்னம் என்று தெரியவந்திருப்பதால், அதை ஒட்டிய கடையை ஒரு மாதத்துக்குள் அகற்ற வேண்டும் என்றிருந்தது. சான்றாக மலரின் பக்க எண் குறிப்பிடப்பட்டிருந்தது.

வளையத்தைப் பற்றி அன்றுதான் அவரிடம் முதன்முறையாகக் கேட்டேன்.

“அதுலயா குதிர கட்டினாங்க? எங்க வீட்டுக்காரரு மழைக்குப் படங்கு இழுத்துக் கட்ட அடிச்சது சார் அது. ஆணி தேடி நாந்தான் கொடுத்தேன்.”

“இத்தன நாளா ஏங்க சொல்லல?”

“நீங்க கேக்கலயே. சீனி கம்மியா போடச் சொன்னீங்க, போட்டேன்.”

வாங்கில் அமர்ந்திருந்த ஆட்டோ ஓட்டுநர் சிரித்தார். “அப்ப மாமாதான் துரை! அக்கா, நீங்க தொரசாணியா இருந்துக்கிட்டு எங்களுக்கு வடை சுட்டுக் குடுக்குறீங்க!”

மறுநாள் அளவுநாடாவோடு போனேன். தொட்டியின் நீளம் ஆறடி. உள்ளாழம் ஒரு சாண். விளிம்பு என் முழங்காலுக்குக் கீழே இருந்தது. “குதிர முட்டி போட்டா குடிச்சிச்சு?” என்றார் ஓட்டுநர். படிகள் பிற்காலத்தில் உயர்த்தப்பட்டிருக்கலாம் என்பதால், அந்த அளவை முடிவான சான்றாக நான் கொள்ளவில்லை.

கடைக்காரர் நீரை வெளியேற்றித் தேங்காய்த் தும்பால் தேய்த்தார். பாசி நீங்கியதும் தெரிந்தது சீமெந்துப் பூச்சு. கல் என்று எழுதியதும் பிழை. ஒரு முனையில், பூச்சு ஈரமாயிருந்தபோது மூன்று விரல்களால் இழுத்த கோடுகள் மூன்று. நடுவில் பெருவிரலால் அழுத்திய பள்ளம் ஒன்று.

ஓட்டுநர் எட்டிப் பார்த்தார். “பட்டையும் போட்டு பொட்டும் வச்சிருக்கு! அக்கா, கோயில் கட்டிருவோம்.”

“வாயப் பொத்து. குதிர போயி சாமி வந்துருச்சுன்னா, அதுக்கும் என் கடையத்தான் தூக்கணும்.” பிறகு என்னிடம் திரும்பினார். “சார், இத எழுதாதீங்க.”

“குதிரயப் பத்தியும் வளையத்தப் பத்தியும் எழுதினது தப்புன்னு எழுதிக் குடுக்குறேன். இதப் பத்திக் கேட்டாங்கன்னா மறைக்க மாட்டேன்.”

“கேட்டா சொல்லுங்க. கேக்காதப்ப எதுக்கு? வளையத்த நானும் அப்படித்தான வச்சிருந்தேன்.”



தமிழ், சிங்களம் இரு மொழிகளிலும் கடிதம் எழுதி, அவரோடு நகர சபை அலுவலகத்துக்குப் போனேன். குதிரைகள் பற்றிய கூற்றுக்கு ஆதாரம் இல்லை. வளையம் கடைக்காரரின் கணவர் பொருத்தியது. வெளியே தெரியும் பகுதி சீமெந்து. அவ்வளவே கடிதத்தில் இருந்தது. அலுவலர் இருமுறை வாசித்துவிட்டு, அப்படியானால் தொட்டிக்குப் பெறுமதி எதுவும் இல்லையா என்று கேட்டார். பெறுமதி உண்டா இல்லையா என்பதை நான் அறியேன், நான் எழுதியது ஆதாரமற்றது என்பதை மட்டுமே அறிவேன் என்றேன். வேறு குறிகள் ஏதும் உண்டா என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அது சரியா என்பதில் எனக்கு இன்றும் முழுத் தெளிவு இல்லை.

மூன்று வாரங்களின் பின் கடை இருக்கலாம் என்று எழுத்தில் பதில் வந்தது. படிக்கட்டுக்குள் நீட்டிக்கொண்டிருந்த வாங்கை மட்டும் ஓர் அடி குறைக்க வேண்டும். ஓட்டுநரே வாள் கொண்டுவந்து அறுத்தார். அந்தப் பதிலை உறையிலிட்டுச் சீனி டப்பாவின் பின்னால் வைத்தபிறகே, கோடுகளைப் பற்றி எழுதக் கடைக்காரர் இசைந்தார்.

தொட்டியைக் கட்டியவர் யார், எப்போது, எதற்காக என்பது தெரியவில்லை. பூச்சுக்கு அடியில் கல் உண்டா என்பதும் தெரியவில்லை. அதை அறிய உடைத்துப் பார்க்க வேண்டும். அந்த மூன்று கோடுகள் திருநீற்றுக் குறியா, சீமெந்து காய்ந்துவிட்டதா என்று ஒருவர் விரல் வைத்துப் பார்த்த தடமா என்பதும் தெரியவில்லை.