வாய் திறக்காத மெக்கானிக்

அந்த லிப்ட் மெக்கானிக்குக் கோபம் மூக்குநுனியில் இருக்கும். இருபத்திரண்டு வருடமாக ஒரே கம்பெனி, இருபத்திரண்டு வருடமாக ஊர்ப்பட்ட சண்டை. கதவைக் காலால் தடுக்கும் தபால்காரரோடு சண்டை, ஆறு பேர் ஏறும் லிப்டில் சோபாவை ஏற்றுபவர்களோடு சண்டை. ஏழு மாடிக் கட்டடத்தில் அத்தனை பேரும் அவருக்கு வைத்திருந்த பெயர் மிளகாய். அவர் காதுபட ஒருவர் சொல்லிவிட முடியுமா? தொலைத்துவிடுவார்.

அப்பேர்ப்பட்ட மிளகாய், இரண்டாம் நம்பர் லிப்ட் விஷயத்தில் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். பிரேக் கட்டை தேய்ந்துபோயிருந்தது. தரையோடு தரையாக நிற்க வேண்டிய லிப்ட், இரண்டு விரல் கீழே இறங்கி நின்றது. இன்னும் கொஞ்சம் தேய்ந்தால் நிற்கவே நிற்காது. மேனேஜரிடம் சொன்னார். "கட்டடத்தை விக்கப் பேசிக்கிட்டிருக்காங்க. வாங்கறவங்க வந்து பாக்கற வரைக்கும் ரெண்டு லிப்டும் ஓடணும். பேசாம கையெழுத்தைப் போடுங்க, இல்லன்னா வேற ஆள் போடுவான்" என்றார் மேனேஜர். மிளகாய் பல்லைக் கடித்துக்கொண்டு லிப்ட் பரிசோதனை அட்டையில் 'சரியாக உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். போட்டுப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.

மத்தியான இடைவேளையில் மோட்டார் அறையில் கிரீஸ் டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து புத்தகம் படிப்பார். அங்கேயும் சண்டைதான். தப்பு என்று பட்டால் ஓரத்தில் பென்சிலால் திட்டி எழுதுவார். நூலகத்தில் வேலை பார்க்கும் மகள் பிறகு உட்கார்ந்து ரப்பரால் அழித்துக்கொண்டிருப்பாள். அவள்தான் அந்த வாரம் ஒரு நாவலைக் கொண்டுவந்து நீட்டினாள். "உங்க ஆளு கதைப்பா. ஹீரோ லிப்ட் மெக்கானிக்."

நாவலில் வருவது ஒன்பது மாடிக் கட்டடம். ஒருநாள் லிப்ட் ஒன்பதையும் தாண்டிப் போய், இல்லாத பத்தாவது மாடியில் நிற்கிறது. ஈரச் சுவர், முடியாத தாழ்வாரம், சுவருக்குள் யாரோ மூச்சுவிடும் சத்தம். அங்கே இறங்கியவர்கள் திரும்புவதில்லை. தப்பித்தவறித் திரும்பினால் அவர்களுக்கு நிழல் இல்லை. மெக்கானிக் ஒருவனுக்குத்தான் இது தெரியும். தெரிந்தும் முந்நூறு பக்கத்துக்குப் பேசாமல் லிப்டை ஓட்டுகிறான்! கடைசியில் அவனும் அங்கே இறங்கிப் போய்விடுகிறான். பின்னட்டையில் 'மௌனத்தின் மகத்தான நாயகன்' என்று போட்டிருந்தது.

"மகத்தானவனாம், வெங்காயம்!" சாயங்காலம் புத்தகத்தைச் சாப்பாட்டு மேசையில் விட்டெறிந்தார். "லிப்ட் கண்ட இடத்துல நிக்குதுன்னு அவனுக்குத் தெரியும்ல? ஒரு போர்டு எழுதி மாட்டக் கூடாதா? கல்லுளிமங்கன்!"

"அப்பா, இது விசித்திரக் கதை. அந்த மாடியே நிஜமில்ல."

"மாடி எப்படியோ இருந்துட்டுப் போகட்டும்டி. மூச்சு விடட்டும், பாட்டுப் பாடட்டும். எனக்கு மாடி மேல கோபமில்ல, இவன் மேலதான். இருபதாம் பக்கத்துலயே மெயின் சுவிட்சை இறக்கியிருந்தா அத்தனை பேரும் பொழைச்சிருப்பாங்க!"

"வேலை போயிடும்னு பயந்திருப்பான், பாவம்."

"என்னடி பாவம்? அவனுக்கு என்ன சப்பைக்கட்டு கட்டறே!"

மகள் சிரித்துக்கொண்டே ரப்பரை எடுத்தாள். அழிப்பதற்கு முன் வாய்விட்டுப் படிப்பது அவள் வழக்கம். "நாப்பத்தொண்ணாம் பக்கம், 'சொல்லித் தொலையேன்டா.' எழுபதாம் பக்கம், 'நீயெல்லாம் சோறுதான் திங்கறியா?' அடேயப்பா! நூத்திப் பன்னெண்டு, 'இது நீ கையெழுத்துப் போட்ட லிப்ட்டுடா, பாவி.' ஆமா, நீங்க எந்த லிப்டுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கீங்கப்பா?"

மிளகாய்க்குச் சுருக்கென்று தைத்தது. அதுவரை, சத்தியமாக, அவர் மண்டையில் அது உறைக்கவே இல்லை. அந்த முந்நூறு பக்கக்காரன் மேல் இருந்த ஆத்திரமெல்லாம் அப்படியே திரும்பி அவர் மேலேயே பாய்ந்தது. வெட்கமாக இருந்தது. சாப்பிடாமல் எழுந்துவிட்டார்.

மறுநாள் காலை வேலைக்கு வந்ததும் இரண்டாம் நம்பரின் மெயின் சுவிட்சை இறக்கித் தன் பூட்டைப் போட்டார். அந்தத் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. எவன் பூட்டினானோ அவன்தான் திறக்க வேண்டும், முதலாளியே வந்தாலும் தொடக் கூடாது. மேனேஜர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"பதினோரு மணிக்கு வாங்கறவங்க வர்றாங்கய்யா! தெறங்க!"

"படியேறி வரட்டும்."

"நாளையிலேர்ந்து வேலைக்கு வராதீங்க!"

"வரல. புது பிரேக் மாட்டிட்டுக் கூப்பிடுங்க, வந்து பூட்டைத் தெறக்கறேன்."

சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கீழே வந்தார். முதல் லிப்டுக்கு முன்னால் பெரிய வரிசை. நான்காம் மாடிப் பெண், பள்ளிச் சீருடையில் இருந்த ஏழு வயது மகளுடன் படியிறங்கி வந்து அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னண்ணே இது அநியாயம்? நேத்து வரைக்கும் நல்லாத்தானே ஓடிச்சு?"

ஆமாம் என்று பூசி மெழுகியிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது?

"இல்லம்மா. பதிமூணு நாளா பிரேக் சரியில்ல. எனக்குத் தெரியும்."

அவள் கை மகளின் தோளை இறுக்கிப் பிடித்தது. குரல் சட்டென்று கீழே போனது. "நேத்து இவ தனியா இதுலதானே ஏறிப் போனா?"

"ஆமாம்மா. நான்தான் கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்."